பூம் தானாக வெளியே ஓட வேண்டும்: கேட்டலினா 22 படகில் மெயின்ஷீட் மாற்றுவது பற்றி

கேள்வி இதுதான். ஒருவர் 1984-இல் கட்டிய கேட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். டொரொன்டோ கரையில், ஒன்டாரியோ ஏரியில் ஓட்டுகிறார். பெரிய பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் மெயின்ஷீட் கயிறு பழசாகி விறைத்துவிட்டது. கப்பிகள் படகோடு வந்தவை. காற்று ஏறினால் கயிற்றை இழுக்கக் கை வலிக்கிறது. காற்று குறைந்த நாளில் பூம் (பெரிய பாயின் அடியோரத்தைத் தாங்கும் கிடைக்கம்பம்) வெளியே போகவே மாட்டேன் என்கிறது, கையால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இழுக்கும் பலத்தை நான்கு மடங்காக்கும் 4:1 கப்பி அமைப்பை, ஆறு மடங்காக்கும் 6:1 ஆக்கலாமா, நீளாத செயற்கை இழையான டைனீமா கயிறு வாங்கலாமா, கையோடு, மெயின்ஷீட்டின் கீழ்முனையைப் படகின் குறுக்கே நகர்த்தும் டிராவலரையும் மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 6:1 வேண்டாம். பால் பேரிங் உள்ள நல்ல 4:1 கப்பி ஜோடி வாங்குங்கள், அதில் ஒரு சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் ராட்செட்டாக இருக்கட்டும். கயிறு 8 மி.மீ. பாலியெஸ்டர். டைனீமாவுக்கு இங்கே வேலை இல்லை. டிராவலர் கடைசி. இனி காரணங்கள். காரணம் புரியாமல் சாமான் மட்டும் வாங்கினால் பணம் போகும், பூம் அங்கேயேதான் நிற்கும்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் உண்மையில் ஒரே குறை. பலத்த காற்றில் இழுக்கக் கனமாக இருப்பதற்கும், லேசான காற்றில் பூம் வெளியே போகாததற்கும் காரணம் உராய்வு. ஆனால் பெரும்பாலானோர் முதல் குறையை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். இழுக்கக் கஷ்டம், ஆகவே இன்னும் இரண்டு சக்கரம் சேர்ப்போம் என்று நினைக்கிறார்கள். மெயின்ஷீட்டின் தரம் தெரிவது இழுக்கும்போது அல்ல, விடும்போது. கையைத் திறந்த அந்த நொடியில் கயிறு ஓட வேண்டும். சிறிய படகில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பழைய தோணிக்காரர்கள் பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்பார்கள். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதில் பொருள் இருக்கிறது. ஆஞ்சானைக் காலையில் ஏற்றிக் கட்டினால் மாலை வரை தொட வேண்டாம். அந்தக் கயிறு நீளாமல் இருந்தால் போதும், கைக்கு எப்படி இருக்கிறது என்பது பெரிய விஷயம் அல்ல. தாமான் அப்படி இல்லை. நாள் முழுக்கக் கையில் இருக்கிற கயிறு அது. இழுக்க, விட, மறுபடி இழுக்க என்று நிமிடத்துக்கு நாலு முறை வேலை செய்கிறது. இரண்டுக்கும் ஒரே கயிற்றை வாங்கும் தவறைப் பலரிடம் பார்க்கிறேன்.

என்னுடையதும் கேட்டலினா 22 தான், 1979-இல் கட்டியது. எனக்கு முன் வைத்திருந்தவர் மெயின்ஷீட்டுக்கு 12 மி.மீ. கயிறு போட்டிருந்தார். தடிமனாக இருந்தால் பிடிக்க வசதி என்று நினைத்திருப்பார். முதல் கோடையில் நானும் அப்படித்தான் நினைத்தேன். செப்டம்பரில் ஒரு மாலை, டொரொன்டோவின் மேற்கே உள்ள ஹம்பர் பே பக்கம் வடமேற்குக் காற்றில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அந்தத் திசைக் காற்று நகரக் கட்டடங்களைத் தாண்டி ஏரிக்கு வருவது. அது சீராக வீசாது, அடங்கி அடங்கித் திடீரென்று அடிக்கும். என் மனைவி காற்று வரும் பக்கத்துப் பலகையில், பத்து வயது மகள் அவளுக்குப் பக்கத்தில். ஒரு பெரிய வீச்சு வந்தது. கயிற்றைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டிலிருந்து அதை விடுவித்துக் கையையும் திறந்துவிட்டேன். கயிறு அரை மீட்டர் போய் நின்றுவிட்டது. நனைந்து ஊறிப் பருத்த கயிறு, சக்கரத்துக்கும் கப்பியின் கன்னத்துக்கும் நடுவே நெருக்கிப் பிடித்துக்கொண்டது. பூம் உள்ளேயே நின்றது, படகு சாய்ந்துகொண்டே போனது. நாங்கள் உட்காரும் குழியான காக்பிட்டின் விளிம்பைத் தண்ணீர் தொட்டபோது சுக்கான் பிடிப்பை இழந்து, படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிமிர்ந்தது. கேட்டலினாவின் அடியில் இறங்கியிருக்கும் கீல் கனமானது, அது எங்களைக் காப்பாற்றியது. மகள் அதற்குப் பிறகு இரண்டு வாரம் படகில் ஏறவில்லை. மறுநாளே அந்தக் கயிற்றை வெட்டி எடுத்தேன்.

அதனால் எனக்கு இது வெறும் சாமான் பட்டியல் இல்லை.

சரி, சுமை எவ்வளவு என்று பார்ப்போம். கேட்டலினா 22-இன் பெரிய பாய் பாய்மரத்தோடு ஏறும் பக்கம் ஏறக்குறைய 21 அடி, பூமோடு வரும் பக்கம் 9.7 அடி. மெயின்ஷீட் பூமின் கடைசி முனையில் கட்டப்பட்டிருக்கிறது. கப்பி செய்பவர்கள் பயன்படுத்தும் வழக்கமான சூத்திரத்தில் இந்த அளவுகளைப் போட்டால், 20 நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.), பாயைச் சுருக்காமல், காற்றை எதிர்த்து ஓடும்போது பூம் முனையில் வரும் சுமை ஏறக்குறைய 144 கிலோ. 15 நாட்டில் 81 கிலோ. 10 நாட்டில் 36. 5 நாட்டில் வெறும் 9 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்காகும், அதுதான் இந்த ஏற்றத்துக்குக் காரணம். மெயின்ஷீட்டைப் பூமின் நடுவில் கட்டும் படகுகளில் இதே சுமை இரட்டிப்பாகும். உங்கள் படகில் அது முனையில் இருப்பது உங்கள் நல்ல காலம்.

இந்த எண்களில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, கயிற்றின் பலம் இங்கே ஒரு கேள்வியே இல்லை. சாதாரண 8 மி.மீ. இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் கயிறு அறுவதற்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். நான்கு பிரிவாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு பிரிவிலும் 20 நாட்டில்கூட 36 கிலோதான். 6 மி.மீ. கயிறே தாங்கும். அப்படியானால் தடிமனை எதை வைத்து முடிவு செய்வது? கையை வைத்துத்தான். 6 மி.மீ. கயிறு உள்ளங்கையை அறுக்கும். 10 மி.மீ. பிடிக்க நன்றாக இருக்கும், ஆனால் நனைந்தால் கனக்கும், சக்கரத்தில் வளைய மறுக்கும். 8 மி.மீ. நடுவில் நிற்கிறது. 10-இலிருந்து 8-க்கு இறங்கினால் கயிற்றின் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. விரலில் மூட்டுவலி இருப்பவர்கள் 9 மி.மீ. போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. 10-ஐத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது, 5 நாட் காற்றில் பூமை வெளியே தள்ள உங்களுக்கு இருப்பது சில கிலோ விசைதான். பின்காற்றில் அந்த 9 கிலோகூட முழுதாகக் கிடைக்காது. அந்தக் கொஞ்ச விசையைக் கப்பிகள் எவ்வளவு தின்கின்றன என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பேரிங் இல்லாத பழைய கப்பியில் ஒவ்வொரு சக்கரமும் நூற்றுக்குப் பத்து தின்கிறது என்றும், நல்ல பால் பேரிங் கப்பி ஐந்து தின்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பழைய 4:1 அமைப்பில் நான்கு சக்கரம் தாண்டும்போது உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான இழுவிசை 4 மடங்கு அல்ல, 3.1 மடங்கு. அதே 4:1-ஐப் பால் பேரிங்கில் வைத்தால் 3.5. பழைய வகைக் கப்பியில் 6:1 வைத்தால் 4.2. ஆக, இழுக்கும்போது 6:1-இல் லாபம் உண்டுதான், மறுக்கவில்லை. இப்போது விடும்போது என்ன ஆகிறது பாருங்கள். காக்பிட்டில் சுருண்டு கிடக்கும் கயிற்றின் எடையும் இழுவையும் சேர்ந்து ஒரு கிலோ என்று வையுங்கள். பூம் அந்த ஒரு கிலோவை எல்லாச் சக்கரங்கள் வழியாகவும் இழுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். பால் பேரிங் 4:1-இல் அதற்கு நாலரைக் கிலோ விசை போதும். பழைய வகை 6:1-இல் ஏறக்குறைய 9 கிலோ வேண்டும். 5 நாட் காற்றில் அந்த 9 கிலோவுக்கு எங்கே போவது? பூம் நடுவிலேயே நின்றுவிடும். இப்போது தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்கிறீர்களே, 6:1 வைத்தால் அது ஒன்றரை மடங்குக்கு மேலாகும்.

கயிற்றின் நீளமும் கூடும். பூமை, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பியில் முட்டும்வரை வெளியே தள்ளி, பூம் முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே அளந்து பாருங்கள். என் படகில் அது 3.5 மீட்டர். 4:1-க்கு அதை நான்கால் பெருக்கினால் 14, கையில் பிடிக்க 2 மீட்டர் சேர்த்தால் 16 மீட்டர். 6:1-க்கு 23 மீட்டர். அந்த அதிக 7 மீட்டர், காற்றை எதிர்த்து ஓடும்போதெல்லாம் உங்கள் காலடியில் கிடக்கும். கால் சுற்றும், சுக்கானைத் திருப்பும் டில்லரில் சிக்கும். ஒரு மீட்டர் பூமை உள்ளே கொண்டுவர 4 மீட்டருக்குப் பதில் 6 மீட்டர் கயிற்றை வார வேண்டும், ஜைப் செய்யும்போது (பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்போது) அது பெரிய வித்தியாசம். உங்கள் படகில் அளக்காமல் என் அளவை வைத்து வெட்டிவிடாதீர்கள். ஒரு மீட்டர் கூட வாங்குங்கள், பொருத்திய பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் பலத்த காற்றில் கை வலிப்பதற்கு என்ன வழி? முதல் வழிக்குச் செலவே இல்லை. 15 நாட் தாண்டிப் பெரிய பாயை முழுதாக வைத்துக்கொண்டு போராடினால் எந்தக் கப்பியும் உதவாது. ஒரு மடிப்பு சுருக்குங்கள். கேட்டலினா 22 அதிகம் சாய்ந்தால் வேகமாகப் போவதில்லை, பக்கவாட்டில் வழுக்குகிறது. கடைசி ஒரு சாண் இழுக்க வேண்டும் என்றால், டில்லரால் படகை ஒரு கணம் காற்றை நோக்கித் திருப்புங்கள். பாய் தளரும், அந்த நொடியில் இழுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி உள்ளவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

இரண்டாவது வழி ராட்செட். ராட்செட் கப்பியின் சக்கரம் ஒரு பக்கம் தடையில்லாமல் சுற்றும், மறுபக்கம் சுற்றாது. சக்கரத்தின் பள்ளம் வழவழப்பாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கும், கயிறு அதில் கடித்து நிற்கும். அதனால் கையில் வரும் சுமை பெருமளவு குறைந்துவிடுகிறது, கப்பிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் கோடி காட்டினால் போதும். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: ராட்செட் பிடித்திருக்கத்தான் உதவும், இழுக்க உதவாது. ஆனால் கையை வலிக்க வைப்பது பெரும்பாலும் இழுப்பது அல்ல, இழுத்ததை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டே இருப்பதுதான். வாங்குவதாக இருந்தால் சுமை ஏறும்போது தானாகப் பிடித்து, சுமை இறங்கும்போது தானாக விடும் வகையை வாங்குங்கள். கையால் மாற்றும் பொத்தான் உள்ளது மலிவு. ஆனால் லேசான காற்றில் அந்தப் பொத்தானை அணைக்க மறந்துவிடுவோம், பூம் மறுபடியும் நின்றுவிடும்.

கப்பியில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சக்கரம் பெரிதாக இருந்தால் கயிறு குறைவாக வளையும், உராய்வு குறையும். இந்தப் படகுக்கு 57 மி.மீ. சக்கரம் சரியான அளவு. ஹார்க்கன் நிறுவனத்தின் கார்போ வகையில் இந்த அளவு கப்பி 300 கிலோவுக்கு மேல் வேலைச் சுமை தாங்கும், உங்களுக்கு வரும் 144 கிலோவுக்கு அது தாராளம். 40 மி.மீ. கூடப் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். பலத்துக்குப் போதும், ஓட்டத்துக்கு 57 மேல். 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பீட்டர் ஹார்க்கன் கப்பிக்குள் எஃகு உருண்டைக்குப் பதிலாக பிளாஸ்டிக் உருண்டைகளைப் போட்டுச் செய்யத் தொடங்கினார். இலேசு, துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம். இன்று பல நிறுவனங்கள் அதையே செய்கின்றன. எந்தப் பெயர் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கடையில் கப்பியைக் கையில் எடுத்துச் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல பால் பேரிங் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் பழைய கப்பியையும் கழற்றி அதே போல் சுண்டிப் பாருங்கள், வித்தியாசத்தை விரலே சொல்லும்.

இரண்டு சக்கரமும் ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ள ஃபிடில் வகையை எடுங்கள், பக்கம் பக்கமாக உள்ள இரட்டைக் கப்பியை அல்ல. இதற்குக் காரணம் முறுக்கு. நான் பார்த்த படகுகளில் பாதிக்கு மேல் உராய்வு வருவது பேரிங்கிலிருந்து அல்ல, கயிறோடு கயிறு உரசுவதிலிருந்து. மேல் கப்பியும் சுழலும், கீழ்க் கப்பியும் சுழலும் என்றால், நான்கு கயிறும் ஒன்றை ஒன்று சுற்றி அரை முறுக்கு விழும். அந்த அரை முறுக்கு, நீங்கள் பேரிங்குக்குக் கொடுத்த காசு முழுவதையும் தின்றுவிடும். இரண்டு கப்பியில் ஒன்றின் தலை சுழலாமல் பூட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான நல்ல கப்பிகளில் தலையைப் பூட்ட வழி இருக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் மேல் கப்பியைப் பூட்டி, கீழ்க் கப்பியைச் சுழல விட்டிருக்கிறேன்.

கயிறு கோக்கும் வழி: கீழ்க் கப்பியின் மேல்முனையில் ஒரு வளையம் இருக்கும், அதில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டுங்கள். அங்கிருந்து மேல் கப்பியின் சின்னச் சக்கரம், பிறகு கீழ்க் கப்பியின் சின்னச் சக்கரம், மறுபடி மேலே பெரிய சக்கரம், கடைசியாகக் கீழே பெரிய சக்கரம், அங்கிருந்து கேம் கிளீட் வழியாக உங்கள் கை. கையில் வருவதற்கு முந்திய அந்தக் கடைசிச் சக்கரம்தான் ராட்செட்டாக இருக்க வேண்டும். கோத்து முடித்ததும் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது கிரிக் கிரிக் என்று சத்தம் கேட்டால் சரி. விடும்போது கேட்டால் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள், அவிழ்த்து மறுபடி கோத்துக்கொள்ளுங்கள்.

கேம் கிளீட்டின் கோணத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், என் கருத்தில் இந்த மொத்த வேலையில் அதுதான் பாதுகாப்புக்கு முக்கியமானது. கேட்டலினாவில் மெயின்ஷீட் உங்களுக்குப் பின்னால், பின்பலகையில் இருக்கிறது. கிளீட் தவறான கோணத்தில் இருந்தால், நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை எவ்வளவு உதறினாலும் அது பல்லிலிருந்து வெளியே வராது. கிளீட்டைத் தாங்கும் கையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும், கோணத்தை மாற்றலாம். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள், அப்புறம் காற்று வரும் பக்க விளிம்பிலும் ஏறி உட்காருங்கள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே உதறலில் கயிறு வெளியே வர வேண்டும். வீட்டில் வேறு யாராவது டில்லர் பிடிப்பார்கள் என்றால் அவர்கள் கையாலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். என் மகளின் கை எட்டும் கோணமும் என் கை எட்டும் கோணமும் வேறாக இருந்தன. அவள் கைக்கு ஏற்றபடி வைத்தேன்.

கயிற்றின் வகை. பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல், மேலுறை கொஞ்சம் பஞ்சுபோல் இருக்கும் மென்மையான வகை. வழவழப்பான பளபளக்கும் உறை அழகாக இருக்கும், நனைந்த கையில் வழுக்கும். டைனீமா உள்ளீடு கொண்ட கயிறு நீளாது என்பது உண்மைதான். ஆனால் மெயின்ஷீட்டை நொடிக்கு நொடி இழுத்தும் விட்டும் கொண்டிருக்கிறோம், கயிறு ஒரு விரற்கடை நீண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தக் காசை ஆஞ்சானில் போடுங்கள். அங்கே கயிறு நீண்டால் பாயின் வடிவமே கெடும், அங்கேதான் டைனீமா தன் விலைக்கு வேலை செய்கிறது. நைலான் கயிற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மெயின்ஷீட்டுக்குப் போடாதீர்கள். ரப்பர் போல நீளும், தண்ணீர் குடிக்கும். நங்கூரத்துக்கு அது நல்லது, இங்கே அல்ல.

கயிற்றின் கடைசி முனையில் எட்டு முடிச்சு ஒன்று போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் பின்காற்றில் கயிறு முழுதும் கப்பி வழியாக ஓடிப் பூம் கட்டுப்பாடில்லாமல் போய்விடும். வளையத்தில் கட்டும் முனைக்குப் பௌலைன் முடிச்சு போதும். தைத்துக் கண் போட்டால் இன்னும் சின்னதாக இருக்கும், கப்பிகள் இன்னும் நெருங்கி வரும். முதல் வருடம் முடிச்சே இருக்கட்டும், நீளம் சரியா என்று பார்த்துவிட்டுத் தைக்கலாம்.

இப்போது யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய விஷயம். நாற்பது வருடப் படகில் அறுவது கயிறும் அல்ல, உடைவது கப்பியும் அல்ல. கப்பியைப் பிடித்திருக்கும் ஆணியும் போல்ட்டும்தான். பூம் முனையில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள். அலுமினியப் பூமில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்டிருந்தால், இரண்டு உலோகமும் சேர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அலுமினியம் அரிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளம் அது. கழற்றி, சுத்தம் செய்து, திருகில் பாதுகாப்புப் பசை தடவிப் போடுங்கள். பின்பலகையில் டிராவலர் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றையாவது முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், பலகைக்குள் இருக்கும் பகுதி பழுப்பேறி மெலிந்திருக்கலாம். நான் எடுத்த நான்கில் ஒன்றின் தண்டு பென்சில் சீவியதுபோல் ஒடுங்கி இருந்தது. நான்கையும் மாற்றி, உள்பக்கம் பெரிய வாஷர் வைத்து, சுற்றி நீர்புகாப் பசை போட்டேன். 144 கிலோ என்று மேலே சொன்னது சீரான காற்றுக்கு. தவறுதலாக ஜைப் ஆகிப் பூம் முழு வேகத்தில் அடுத்த பக்கம் போய் நிற்கும்போது வரும் அதிர்ச்சி அதைவிட மிக அதிகம். அது இந்தப் போல்ட்டுகளின் தலையில்தான் விழுகிறது.

டிராவலர் பற்றி. உங்கள் படகில் பின்பலகைக்கு மேலே குறுக்காக ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பியும் அதில் நகரும் கப்பியும் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பால் பேரிங் வண்டி ஓடும் தண்டவாளம் போடலாம். போட்டியில் ஓடுபவருக்கு அதனால் பலன் உண்டு. குடும்பத்தோடு ஓட்டுபவருக்கு, பூம் மேலே தூக்காமல் கீழே பிடிக்கும் வேங் ஒழுங்காக இருந்தால், அந்தக் கம்பியே போதும். வேங் இல்லாத படகில் மெயின்ஷீட்டை விட்டதும் பூம் மேலே எழும்பும், பாயின் மேல்பாதி காற்றை வீணாகக் கொட்டும், பின்காற்றில் படகு உருளும். 4:1 வேங் ஒன்று போட டிராவலரை விடக் குறைவாகவே ஆகும். முதலில் அது.

எல்லாம் பொருத்திய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். படகு துறையில் கட்டியிருக்கட்டும், பாய் கீழேயே இருக்கட்டும், பூமை அதன் முனையை மேலிருந்து தாங்கும் கம்பியில் தொங்க விடுங்கள். மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்றைப் பூம் முனையில் மாட்டிப் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள். கயிறு ஓடத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய கயிற்றையும் கப்பியையும் கழற்றுவதற்கு முன் ஒரு முறை, புதிது போட்டபின் ஒரு முறை. என் படகில் பழையது 5 கிலோவைத் தாண்டியது, புதியது ஒன்றரைக் கிலோவுக்குள் நின்றது. ஏரியில் போய் முதல் லேசான காற்றில் பூம் தானாக வெளியே நகர்ந்ததைப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை.

பராமரிப்பு அதிகமில்லை. பால் பேரிங் கப்பிக்கு எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், தூசியைச் சேர்த்து உருண்டைகளை ஒட்டவைத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசினால் போதும். அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது கப்பியையும் கயிற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குளிர்காலம் முழுதும் வெளியே விட்டால் சிலந்தி கூடு கட்டும், பனியில் கயிறு விறைக்கும். கயிற்றைத் தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூளோடு விடுங்கள். உறை இல்லாமல் போட்டால் வெளியே எடுக்கும்போது அரை நாள் சிக்கெடுக்க வேண்டியிருக்கும். பிளீச் கூடாது. நிழலில் உலர்த்துங்கள். சுருட்டும்போது வட்டமாகச் சுற்றாமல் எட்டு வடிவில் மடியுங்கள். வட்டச் சுருள் ஒவ்வொன்றும் கயிற்றில் ஒரு முறுக்கை ஏற்றும், வசந்தத்தில் அந்த முறுக்கு கப்பியில் வந்து நிற்கும். முறுக்கு ஏறிவிட்டால் ஒரு முனையைப் படகில் கட்டி, மறுமுனையை ஏரியில் விட்டு, சாவகாசமாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், தானாக அவிழ்ந்துவிடும்.

செலவு, கப்பி ஜோடிக்கும் கயிற்றுக்கும் சேர்த்துச் சில நூறு டாலர் ஆகும். ஒரே சமயத்தில் முடியாது என்றால் இந்த வருடம் கயிற்றை மட்டும் மாற்றுங்கள். தடித்த பழைய கயிற்றுக்குப் பதில் 8 மி.மீ. புதிய கயிறு போட்டாலே, பழைய கப்பியிலும் பூம் பாதி தூரமாவது தானாகப் போகும். கப்பியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். போல்ட்டுகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அவற்றை இந்த வாரமே கழற்றிப் பாருங்கள்.